கண் மட்டும் ஆந்தை

— மச்சான், அந்த ஸ்பேனரைக் கீழ வெச்சிட்டு முதல்ல என் மூஞ்சியப் பாருங்க.

— பாக்கத்தான் பாக்கறேன் மாப்ள. இத்தனை சேத்துக்குள்ள மூஞ்சி எங்க இருக்குன்னுதான் தெரியல. அந்த வெள்ளையா தெரியுறது பல்லா, கண்ணா?

— சிரிக்காதீங்க. உங்க தங்கச்சி புருஷன் மானம் போய் வந்து நிக்கறேன். காலையில இதே பட்டறையிலிருந்து ஜம்முனு ஓட்டிட்டுப் போன ஜீப்பு. இப்ப டிராக்டர் பின்னாடி கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருக்கேன். டிராக்டர்காரர் வழி பூரா விசிலடிச்சுக்கிட்டே வந்தாரு.

— பதறாதீங்க. அதாவது என்னன்னா, வண்டின்னா முன்னப் பின்னதான் இருக்கும். ஏத்தத்துல நின்னுட்டுதா?

— நின்னிருந்தா கும்பிட்டிருப்பேன். குழி தோண்டிச்சு மச்சான்! முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல, கீழ போச்சு.

— ஆஸ்பத்திரி பெரிய டாக்டர் பாத்தாரா?

— பாத்தாராவா? வண்டிக்கு நேர் முன்னாடி குடையப் பிடிச்சுக்கிட்டு நின்னு, 'வாங்க வாங்க'ன்னு கையக் காட்டுறாரு. நான் ஃபோர் வீல் கம்பிய இழுத்தேன். அவ்வளவுதான். அதுவரைக்கும் குடை ஒரு கலரு, சட்டை ஒரு கலரு, டாக்டர் ஒரு கலரா இருந்தாரு. அப்புறம் எல்லாம் ஒரே கலரு.

— அய்யய்யோ. திட்டினாரா?

— வாயத் தொறந்தாத்தானே திட்டறதுக்கு. துப்பவே அஞ்சு நிமிஷம் ஆச்சு.

— ஹ்ம்ம்.

— சிரிப்ப அடக்காதீங்க, தோள் குலுங்குது. இது விளையாட்டில்ல மச்சான். உங்க தங்கச்சி மாதிரி மலை மேல இருக்கிற ஆஸ்பத்திரியில நர்ஸுன்னா, கூப்பிட்ட அரை மணி நேரத்துல அங்க நிக்கணும். மழைக்காலத்துல அந்த மண் ஏத்தத்துல ஒரு வண்டியும் ஏறாது, அதனால உங்க சம்சாரம் மேலயே குவார்ட்டர்ஸ்ல தங்கட்டும்னு அவர் சொன்னப்ப, 'ஏறுற வண்டி என்கிட்ட இருக்கு சார், கொண்டு விட்டுக் கூட்டிட்டு வர்றது என் பொறுப்பு'ன்னு நெஞ்சைத் தட்டினது நான்தானே. 'சரி, ஏத்திக் காட்டுங்க'ன்னாரு. காட்டிட்டு வந்திருக்கேன்.

— அப்ப முடிஞ்சு போச்சா?

— என்ன, கேக்கும்போதே குரல்ல ஒரு நிம்மதி தெரியுது? முடியல. மூஞ்சியத் துடைச்சிட்டு மனுஷன் சொல்றாரு, 'நாலு மணிக்கு இன்னொரு தடவை. அப்பவும் ஏறலன்னா உங்க சம்சாரத்துக்கு நாளையிலிருந்து ஜாகை மேலதான்.' இப்ப மணி பன்னண்டரை.

— நாலு மணிக்குள்ளயா? கஷ்டம் மாப்ள.

— என்ன தப்புன்னே இன்னும் பாக்கல, அதுக்குள்ள என்ன கஷ்டம்?

— அதாவது என்னன்னா, சேறுல ரெண்டு வகை. ஒண்ணு பிடிக்கிற சேறு, ஒண்ணு வழுக்குற சேறு. நீங்க போன நேரம் வழுக்குற சேறு. இதுக்கு மெக்கானிக் என்ன பண்ண முடியும்?

— டயரு புதுசு மச்சான். பட்டன் ஒவ்வொண்ணும் வடை அளவுக்கு இருக்கு.

— அப்ப நீங்க காலை அமுக்கியிருப்பீங்க. தையல் மிஷின் மிதிச்சுப் பழகின காலு. ஒரே வேகத்துல தடதடன்னு அமுக்கியிருப்பீங்க.

— என் காலைக் குறை சொல்லாதீங்க. அந்தக் கால்தான் உங்க தங்கச்சிக்குச் சோறு போடுது.

— சோறு போடறது அவ சம்பளம் மாப்ள. சரி, அதை விடுங்க. நான் அன்னிக்கே சொன்னேன், ஆந்தை ஜீப்புக்குள்ள காளை ஜீப்பைத் திணிக்காதீங்கன்னு.

— நீங்களா சொன்னீங்க? நான் ஒண்ணு கேக்கறேன். ஆந்தை ஜீப்பு செஞ்ச கம்பெனி கடையச் சாத்திட்டுப் போய் எத்தனை வருஷம்?

— இருபது இருக்கும்.

— முன் அச்சுல கிரவுன் பல்லு உடைஞ்சு போச்சு. இன்ஜின் சுத்துறதை ரெண்டு வீலுக்கும் பிரிச்சுக் குடுக்கிற சாமானே அதுதான். ஆந்தைக்கு எங்க தேடியும் கிடைக்கல. பழைய இரும்புக் கடையில குப்பையோட குப்பையா கெடந்த காளை ஜீப்போட கிரவுனை, குழந்தையைத் தூக்குற மாதிரி தூக்கிட்டு வந்து 'மாப்ள, அளவு கிட்டத்தட்ட வருது, நடுவுல ஒரு வளையம் கடைஞ்சு போட்டா கனகச்சிதமா உக்காந்துடும்'னு சொன்னது யாரு?

— சொன்னவன் நான்தான். அளவும் வந்துதே!

— வளையம் கடைய லேத்துக்கு நாலு தடவை அலைஞ்சேன். மூணாவது தடவை லேத்துக்காரர் டீ வாங்கிக் குடுத்தாரு, நாலாவது தடவை அவர் பொண்ணுக்குப் பாவாடை அளவே எடுத்துட்டு வந்தேன்.

— இப்ப அந்த வண்டியில என்ன ஆந்தை இருக்கு மாப்ள? ரேடியேட்டர் காளை. ஸ்டியரிங் காளை. கியரு காளை. பிரேக்கு காளை. இப்ப கிரவுனும் காளை. முன்னாடி உருண்டையா ரெண்டு லைட்டு, அது மட்டும்தான் ஆந்தை. அதுலயும் ஒண்ணு மினுக்குது.

— கண்ணு இருக்குல்ல, போதும். ஆளைக் கண்ணை வெச்சுத்தானே கண்டுபிடிக்கிறோம்.

— இதைச் சொல்லிச் சொல்லியே வீட்டைப் பட்டறையாக்கிட்டீங்க. என் தங்கச்சி போன மாசம் சாப்பிட உக்காந்தா, தட்டு இருக்க வேண்டிய இடத்துல கிளட்ச் பிளேட்டு இருந்துதாம்.

— கழுவித்தான் வெச்சிருந்தேன்.

— டீசல்ல கழுவியிருக்கீங்க!

— பேச்சை மாத்தாதீங்க மச்சான். நான் ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. வண்டி சேத்துல மாட்டி வீல் சுத்தினா, முன் டயரு சேத்தை எந்தப் பக்கம் வாரி அடிக்கும்?

— எந்தப் பக்கம்னா... அது வந்து...

— பதினெட்டு வருஷம் மெக்கானிக்கா இருக்கீங்க.

— பின்னாடி.

— பின்னாடி. டாக்டர் எங்க நின்னாரு?

— முன்னாடி.

— அப்ப அவர் மேல எப்படிச் சேறு பட்டுது?

— காத்தடிச்சிருக்கும்.

— காத்தா? ஒரு கட்டி அரைக் கிலோ இருக்கும் மச்சான்! நேரா வந்து குடையப் பிடுங்கிட்டுப் போச்சு. வழியெல்லாம் அதையேதான் யோசிச்சிட்டு வந்தேன். ஜாக்கியப் போடுங்க.

— சாப்பிட்டுட்டு வந்து போடலாமே. மாப்ள இன்னும் சாப்பிடலல்ல?

— ஜாக்கியப் போடுங்கங்கறேன். நகருங்க, நானே போடறேன். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. இப்ப நாலு வீலும் தரையத் தொடல. ஃபோர் வீல் கம்பியப் போட்டாச்சு. சும்மா நிக்காதீங்க, அந்தப் பின் வீலை முன் பக்கமா கையால சுத்துங்க.

— சுத்தறேன், சுத்தறேன்.

— முன் வீலு எந்தப் பக்கம் சுத்துதுன்னு நீங்களே எட்டிப் பாருங்க.

— அட.

— என்ன அட?

— எதிர்ப் பக்கமா சுத்துது.

— பின்னாடி ரெண்டும் 'வா'ங்குது, முன்னாடி ரெண்டும் 'வரமாட்டேன்'ங்குது. நடுவுல நான் உக்காந்து ஆக்சிலேட்டரை மிதிச்சுக்கிட்டிருக்கேன், அது நின்ன இடத்துல பூமியத் தோண்டிக்கிட்டிருக்கு! டார்ச்சை எடுங்க. அடியில போறேன்.

— மாப்ள, அடியில எல்லாம் வேண்டாம். சட்டை அழுக்காயிடும்.

— இந்தச் சட்டையா? இதுக்கு மேல இதுல என்ன அழுக்கு ஒட்டப் போகுது? குடுங்க டார்ச்சை. ம்ம். வளையம் இருக்கு. போல்ட்டு பத்தும் இருக்கு. கிரவுன் மூடி மேல கம்பெனி முத்திரை இருக்கு. மச்சான், குனிஞ்சு பாருங்க. இது என்ன முத்திரை?

— காளைத் தலை.

— கொம்பு எங்க இருக்கு?

— கீழ.

— காளைக்குக் கொம்பு கீழயா இருக்கும்?

— குனிஞ்சு புல்லு மேயுதோ என்னமோ.

— மச்சான்!

— அந்தக் கம்பெனிக்காரன் அச்சுல தப்பா ஊத்தியிருப்பான் மாப்ள. அவனுங்க எப்பவும் அப்படித்தான்.

— தலைகீழா மாட்டியிருக்கீங்க. வளையத்துல பத்து ஓட்டையும் ஒரே இடைவெளியில இருக்கு. நேரா வெச்சாலும் உக்காரும், தலைகீழா வெச்சாலும் உக்காரும். நேரா வெச்சா முன் வீலு முன்னாடி சுத்தும், தலைகீழா வெச்சா பின்னாடி சுத்தும். தையல்காரன் எனக்கே புரியுது. நான் என்னிக்காவது சட்டைக்குக் காலரை வயித்துல வெச்சுத் தெச்சிருக்கேனா?

— மனுஷன்னா ஒரு கை பிசகும் மாப்ள.

— பிசகுச்சா? நேத்து வேலைக்குச் சேந்தவன்கூட இதைச் செய்ய மாட்டானே! காளைத் தலை அவ்வளவு பெருசா இருக்கு. இப்படியே போய் லேத்துக்காரர்கிட்ட சொல்லப் போறேன். டிராக்டர்காரர்கிட்ட சொல்லப் போறேன். 'தலைகீழ் மெக்கானிக்'னு வெளியில போர்டு மாட்டுங்க. அந்தப் போர்டையாவது நேரா மாட்டுங்க.

— வார்த்தைய அளந்து பேசுங்க.

— என்ன அளக்கறது? உங்களுக்கு மேல எது கீழ எதுன்னே தெரியலையே!

— போதும் மாப்ள, நிறுத்துங்க. தெரியாம மாட்டினேன்னா நெனச்சீங்க?

— பின்ன?

— நேரா மாட்டினேன்யா! நேரா மாட்டி, ஜாக்கியில ஏத்தி, ஓட்டிப் பாத்து, ஒரு சத்தம் இல்லாம, வெண்ணெய் மாதிரி சுத்திச்சு. அதுக்கப்புறம்தான் கழட்டித் தலைகீழா மாட்டினேன். தலைகீழா மாட்டினா ஆயில் ஊத்துற வாய் அடியில போயிடும்னு மேல புதுசா ஒரு ஓட்டை போட்டு, மரை வெட்டி, மூடியும் போட்டேன். ஒரு சொட்டு ஒழுகுதா பாருங்க! தப்பா மாட்டணும்னாலும் என்னை மாதிரி சுத்தமா மாட்ட இந்த ஊர்ல ஆள் கிடையாது!

— என்ன சொல்றீங்க?

— ஒண்ணும் சொல்லல.

— வேணும்னே மாட்டினீங்களா?

— நான் ஒண்ணுமே சொல்லல. ஸ்பேனர் எங்க வெச்சேன்?

— மச்சான், உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஒரு பைசா வாங்காம அத்தனை பேருக்கும் துணி தெச்சுக் குடுத்தவன் நான். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. ஏன் இப்படிப் பண்ணீங்க?

— சத்தியம் பண்ணியிருக்கேன் மாப்ள.

— யாருகிட்ட?

— அதைச் சொல்லக் கூடாதுன்னுதான் சத்தியம்.

— என் வீட்டுலயா சொன்னா?

— நான் வாயத் தொறக்கல, நீங்களா சொன்னீங்க.

— அவளா? அவளா உங்ககிட்ட இதைக் கேட்டா?

— ஞாயித்துக்கிழமை வந்தா. நீங்க லேத்துக்குப் போயிருந்தீங்க. அந்தப் பழைய டயர் மேல உக்காந்தா. அப்புறம், 'அண்ணே, இந்த வண்டி அந்த ஏத்தத்துல ஏறக் கூடாது, ஆனா வேற எதுவும் உடையவும் கூடாது'ன்னா. ஏம்மான்னு கேட்டேன். 'கேக்காதீங்க'ன்னா. சின்ன வயசிலிருந்து என்கிட்ட ஒரு ரிப்பன்கூட கேட்டதில்ல மாப்ள. முதல் தடவையா வாயத் தொறந்து ஒண்ணு கேக்கறா. நான் என்ன பண்றது?

— அவளே என் வண்டிய நிறுத்தச் சொல்லியிருக்கா மச்சான்!

— உக்காருங்க. தண்ணி குடிங்க. அதுல வேண்டாம், அது பேட்டரித் தண்ணி. இதைக் குடிங்க.

— நாலு மாசம். தைக்க வந்த துணியெல்லாம் அப்படியே கெடக்கு. அவ பக்கத்துல இல்லன்னா எனக்குத் தூக்கம் வராது, அதுக்குத்தான் இத்தனையும். அவ என்னடான்னா என்னை விட்டுட்டுப் போகணும்னு நெனச்சிருக்கா.

— சே சே. அப்படியெல்லாம் இல்ல.

— வேற எப்படி?

— யோசிச்சுப் பாருங்க. அவளைக் கூட்டிட்டு வர வண்டி செய்யறேன்னு சொல்லிட்டு நாலு மாசமா நீங்க வீட்டுல இருந்தீங்களா? பொழுது விடிஞ்சா இங்க, இல்லன்னா இரும்புக் கடை, இல்லன்னா லேத்து. வண்டி ஏறிடுச்சுன்னா அப்புறமும் இதே கதைதான். ஏறலன்னா?

— ஏறலன்னா அவ மேல போயிடுவா.

— நீங்க?

— நான் கீழ இருப்பேன்.

— ஏன் இருக்கணும்? தையல் மிஷினுக்கு மலை மேல என்ன, கீழ என்ன? நீங்களும் பெட்டியத் தூக்கிட்டுக் கூடவே வரணும்னு அவ ஆசைப்படறா. வாயத் தொறந்து சொல்ல வெக்கம். அதான் அண்ணன்கிட்ட வந்து வண்டிய நிறுத்தச் சொல்லியிருக்கா.

— அப்படியா சொல்றீங்க?

— பின்ன? என் தங்கச்சிய எனக்குத் தெரியாதா?

— அட ஆமா மச்சான். இது எனக்குத் தோணவே இல்ல பாருங்க. அவ என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே கிளம்பியிருப்பேனே.

— ஸ்கூட்டர் சத்தம் கேக்குது. அவதான். மாப்ள, உங்க காலைப் பிடிக்கறேன், நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

— சொல்ல மாட்டேன். நீங்களும் சத்தியத்தை மீறினதாக் காட்டிக்காதீங்க.

— என்ன ரெண்டு பேரும் என்னைப் பாத்ததும் பேச்சை நிறுத்திட்டீங்க?

— வாம்மா. சும்மா கிரவுனைப் பத்திப் பேசிட்டிருந்தோம்.

— நீங்க எந்திரிங்க. எங்கயாவது அடி பட்டுதா? கழுத்தைத் திருப்புங்க. வலிக்குதா? இந்தப் பக்கம்? நாக்கை நீட்டுங்க. சேத்தை முழுங்கினீங்களா?

— நான் முழுங்கல. டாக்டர்தான் முழுங்கினாரு.

— தெரியும். ஏத்தத்துக்குக் கீழ விட்டிருந்த ஸ்கூட்டரை எடுக்க நான் கிளம்பும்போது மூணாவது தடவையா சோப்புப் போட்டுக்கிட்டிருந்தாரு. வண்டிக்கு என்ன ஆச்சாம்?

— தப்பு மச்சான் மேல இல்ல, என் மேலதான். முன் கிரவுனை நான்தான் தலைகீழா மாட்டிட்டேன்.

— நீங்களா?

— ஆமா. நானேதான்.

— அண்ணே?

— ஆ... ஆமாம்மா. அவர்தான். நான் தலையால அடிச்சுக்கிட்டேன், கேக்கவே இல்ல.

— மச்சான்!

— என்ன மாப்ள, உண்மையத்தானே சொன்னேன்.

— சரி விடுங்க, யார் மாட்டினா என்ன. நடந்தது நடந்து போச்சு. மனசை அலட்டிக்காதீங்க. நான் மேலயே தங்கிக்கறேன். பெட்டி கட்டி வெச்சாச்சு.

— அதுக்குள்ளயா?

— சும்மா... தூசி தட்டலாம்னு எடுத்தேன், அப்படியே துணியையும் வெச்சுட்டேன்.

— மேல எப்படிம்மா இருக்கு? போன வாரம் செவ்வாக்கிழமை மழையில மாட்டி அங்கதானே தங்கின. தனியாவா இருந்த?

— தனியாத்தான். ரெண்டு ரூம். ஒரு ஜன்னல், தொறந்தா மேகம். ஒரு மேசை. மேசை மேல எதுவுமே இல்ல. நான் தண்ணி குடிச்சிட்டு டம்ளரை அதுல வெச்சேன். காலையில எந்திரிச்சுப் பாக்கறேன், டம்ளரு வெச்ச இடத்துலயே இருக்கு. யாரும் அதுல போல்ட்டு ஊறப் போடல. ஒன்பது மணி நேரம் தூங்கியிருக்கேன்.

— கேட்டீங்களா மச்சான்? பேச ஆளில்லாம டம்ளரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்குக் கேக்கவே முடியல.

— பாவம் மாப்ள.

— நான் ஒண்ணு சொல்றேன், கேளு. இனிமே நீ தனியா இருக்க வேண்டாம். நானும் வர்றேன்.

— எங்க?

— மேலதான். உன்கூட. குவார்ட்டர்ஸுக்கு. இனிமே இந்த வண்டி ஏறணும்னே அவசியமில்ல.

— தையல் கடை?

— மிஷினைத் தூக்கி வெச்சா அங்க ஒரு கடை. மலை மேல இருக்கிறவங்க சட்டை போட மாட்டாங்களா? ஜீப்பை மட்டும் இங்க விட்டுட்டு வர மனசில்ல. பிரிச்சு, டிராக்டர்ல கொஞ்சம் கொஞ்சமா ஏத்திக் கொண்டு வந்துடலாம். ஒரு ரூம்ல நாம இருப்போம், இன்னொரு ரூம்ல இன்ஜின் இருக்கட்டும்.

— ரெண்டாவது ரூம்லயா?

— ஆமா. அந்த மேசை சும்மாத்தானே இருக்கு. கியர்பாக்ஸுக்கு ரொம்ப வசதி, ஜன்னல் வெளிச்சம் வேற. நாள் பூரா நான் அங்கயே இருப்பேன். நீ ஆஸ்பத்திரியிலிருந்து எட்டி ஒரு சத்தம் குடுத்தாப் போதும். என்ன சொல்ற?

— ஒண்ணுமில்ல.

— கண்ணு கலங்கிட்டா பாருங்க மச்சான்.

— நான் சொன்னேன்ல மாப்ள. என் தங்கச்சி மனசு எனக்குத் தெரியும்.

— அண்ணே.

— சொல்லும்மா.

— மணி ஒண்ணரைதான் ஆகுது. நாலு மணிக்குள்ள அந்தக் கிரவுனைக் கழட்டி நேரா மாட்டிடுவீங்கல்ல?